பச்சை இலைக் கூடுகள்

நெடர்வேன்
6 அக்டோபர் 1946

அன்புள்ள லுபெர்ட் அண்ணனுக்கு,

ஃபெம்மி எழுதுகிறேன். கர்த்தர் தயவில் நானும் மாமியாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? ராட்டர்டாம் துறைமுகக் காற்று உனக்கு ஆகாது. கழுத்துத் துணியைக் கட்டிக்கொள்.

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். நீ வரவில்லை. கப்பல் கிளம்பியிருக்கும் என்று மாமியாரிடம் நானே சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் பதினாறாம் தேதி காலையில் என் வீட்டுக்காரர் ஹார்ம், விலாங்குப் பொறிகளைப் பார்த்துவிட்டு வருவதாகத் தோணியை எடுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். சட்டைக்கு மேல் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. மதியம் தோணி கவிழ்ந்து கிடந்தது. தொப்பி நாணலில் ஒதுங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் ஆறு நாள் கொக்கி போட்டு இழுத்தார்கள். உனக்குத் தெரியாதா, அடுப்பெரிக்க எரிமண் வெட்டி வெட்டி நம் தாத்தாக்கள் உண்டாக்கிய குளங்களுக்கு அடியே கிடையாது. மேலே மிதக்கும் நாணல் மெத்தைக்குக் கீழே ஒருவர் போய்விட்டால் குளம் திருப்பித் தருவதில்லை.

ஜாவாவுக்குப் போகும் படையில் சேரச் சொல்லி இருபதாம் தேதிக்கு உத்தரவு வந்திருந்தது. அவர் போக மாட்டேன் என்றார். "அஞ்சு வருஷம் ஜெர்மன்காரன் நம்ம மண்ணுல நின்னான். இப்ப நான் போயி இன்னொருத்தன் மண்ணுல நிக்கணுமா?" என்று சாப்பாட்டு மேசையில் கத்தினார். அதற்குள் இப்படி. காவலர் வந்து, "செத்தவனக் கப்பல்ல ஏத்த முடியாதும்மா" என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

உடல் இல்லாமலே ஜெபம் நடந்தது. நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

உன் தங்கை,
ஃபெம்மி

*

ராட்டர்டாம்
3 நவம்பர் 1946

அன்புத் தங்கை ஃபெம்மிக்கு,

நான் நலம். இருமல் குறைந்துவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். ஹார்ம் நல்லவன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அவனைத் தெரியும். நீ ரொம்ப அழாதே. அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை என்று எழுதப் போனேன். அது தப்பு, அடித்துவிட்டேன், மன்னித்துவிடு. குளத்தில் இனிமேல் தேட வேண்டாம். வீட்டை விற்பது, வேறு ஏற்பாடு என்று ஊரில் யாராவது ஆரம்பித்தால் எதற்கும் தலையாட்டாதே. கோடை வரட்டும்.

எங்கள் கப்பல் ஆன்ட்வெர்ப்புக்கும் இங்கிலாந்துக்கும் மாறி மாறிப் போகிறது. கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

அண்ணன்,
லுபெர்ட்

*

நெடர்வேன்
12 மார்ச் 1947

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்றே எழுதுகிறேன். அங்கேயும் இந்தக் குளிர்தானா? இங்கே மூன்று மாதமாகத் தண்ணீர் கல்லாகக் கிடக்கிறது. வாளியைக் கோடரியால் உடைத்துத்தான் காபி போடுகிறோம். உன்னிடமிருந்து கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லாமல் என்னால் முடியாது.

போன ஞாயிறு, விளக்கேற்றும் நேரம். பனிமூட்டத்தில் படகுத்துறை கூடத் தெரியவில்லை. மாமியார் பட்டாணிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். அப்போது குளத்துப் பக்கமிருந்து யாரோ "ஃபெம்மி" என்று கூப்பிட்டார்கள்.

ஊர்ப்பாதை வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. பின்பக்கம் பனி மூடிய தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. அங்கிருந்து வந்தது ஹார்மின் குரல், அண்ணா. நான் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

"கைய எடுடி! செத்தவன் மூணு தரம் கூப்பிடுவான். திறந்தா உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"அம்மா, அது அவர்தான்."

"எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் சொல்றேன். திறக்காத!"

என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துவந்து வேதப் புத்தகத்துச் சங்கீதம் பாடச் சொன்னார். பாடினோம். மறுபடி என் பெயர் கேட்டது. இன்னும் உரக்கப் பாடினோம். மூன்றாவது முறை ஏதோ உடைந்த மாதிரி சத்தமும் கூடவே வந்தது. மூன்றோடு முடிந்துவிடும் என்று மாமியார் சொல்லியிருந்தாரே, நான் பாடிக்கொண்டே எண்ணினேன். நான்காவது முறையும் கூப்பிட்டது. அப்போது என் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா" என்றது.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியும்படி பாடினார்.

காலையில் இருவருமாகப் போய்ப் பார்த்தோம். இரவு விழுந்த பனியில் எல்லாம் வெள்ளை. நாணல் மெத்தை ஓரத்தில் ஓரிடம் மட்டும் கறுத்து, ஈரமாகத் தெரிந்தது. அங்கே அடியிலிருந்து எப்போதும் குமிழி வரும். எந்தக் குளிரிலும் சரியாக உறையாது. அதனால் கிட்டே போகாமல் திரும்பிவிட்டோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபெம்மி

*

ராட்டர்டாம்
6 ஏப்ரல் 1947

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் மாமியாரும் நலமா? கப்பல் இங்கிலாந்தில் பனியில் மாட்டிக்கொண்டு ஏழு வாரம் கிடந்தது. உன் கடிதத்தை இந்த வாரம்தான் பார்த்தேன்.

போன ஞாயிறு என்று நீ எழுதியது மார்ச் ஒன்பதாம் தேதிதானே? தேதியில் தவறு இல்லையே? அந்த வாரத்தில் ஊரில் வெளியாள் யாரையாவது பார்த்ததாகப் பேச்சு இருந்ததா? ஸ்டீன்வெய்க் ரயில் நிலையத்தில்? காலையில் போய்ப் பார்த்தபோது காலடி ஏதாவது தெரிந்ததா? நன்றாக யோசித்து எழுது. யாரிடமும் கேட்காதே. உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது.

பனி வெடிக்கும்போது மனிதக் குரல் மாதிரி கேட்கும். மாலுமிகள் எல்லோருக்கும் இது தெரியும். அதுதான் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

லுபெர்ட்

*

நெடர்வேன்
25 மே 1947

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா? உன் கேள்விகளுக்கு அப்போதே பதில் போட்டேன்: வெளியாள் இல்லை, காலடி இல்லை, எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. கிடைத்தது என்று நீ ஒரு வரி எழுதவில்லை.

பனி வெடிக்கும் சத்தம் எனக்கும் தெரியும். நானும் இந்தக் குளக்கரையில் பிறந்தவள்தான்.

இப்போது வேறு ஒன்று நடக்கிறது. மஞ்சள் அல்லி இலைகளில், கத்தரிக்கோலால் வெட்டினாற்போல, என் கட்டைவிரல் அளவுக்கு நீள்வட்டத் துளைகள். ஒரு இலையில் ஏழு, எட்டு. வெட்டிய துண்டுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. காற்று தெற்கே அடித்தால் அவற்றில் சில வடக்கே போகின்றன. காலையில் படகுத்துறைப் படிக்கட்டில் ஐந்தாறு வந்து நிற்கும். நாணல் மெத்தை ஓரத்தில்தான் அதிகம்.

மாமியார் அவற்றைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்கிறார்: "செருப்புக்கு அடி வெட்டுறான். தண்ணிக்குள்ள வெறுங்காலோட எத்தனை நாளுதான் நடப்பான்?"

"இவ்வளவு சின்னதாவா?"

"பழகுறான்டி. அவன் எப்ப மொதல் தடவையிலயே ஒரு வேலையச் சரியாச் செஞ்சிருக்கான்?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது. நேற்று ஒரு ஜோடியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் கிடந்ததுதானே? உள்ளே நனையவே இல்லை. வெளிறிய உயிர் ஒன்று வெளிச்சத்தைக் கண்டதும் பின்னால் ஒடுங்கியது. பயந்து தண்ணீரிலேயே போட்டுவிட்டேன்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போகக் கூடாதா?

ஃபெம்மி

*

நெடர்வேன்
22 ஜூன் 1947

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உனக்கு ஒன்றுமில்லையே? இது பதில் இல்லாமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம்.

மாடி அறையில் ஒரு பெண் வந்து தங்கியிருக்கிறாள். செல்வி ஃபான் லூன் என்று பெயர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாள், குளத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதுகிறாளாம். ஆண்பிள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்கிறாள். மாமியார் அவளை "புழுவுக்குப் பேன் பாக்குறவ" என்கிறார். ஆனால் கூழில் பெரிய இறைச்சித் துண்டு அவளுக்குத்தான்.

இலைகளைக் காட்டிக் கேட்டேன். அது ஓர் அந்துப்பூச்சியின் குழந்தையாம். தாய் வெளியே பறப்பவள். இலையின் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வளைத்து, நீருக்குள் இருக்கும் அடிப்பக்கத்தில் முட்டை வைக்கிறாள். புழு பிறந்ததும் தோலாலேயே தண்ணீரிலிருந்து மூச்சு இழுக்கிறது; அப்போது அதன் கூட்டுக்குள்ளும் தண்ணீர்தான். வளர வளரத் தோல் மாறிவிடுகிறது. பிறகு நீர் ஒட்டாது. கூட்டுக்குள் காற்றை நிரப்பிக்கொண்டு, நனையாமல் தண்ணீருக்குள் வாழ்கிறது. கடைசியில் கெட்டியான எதிலாவது கூட்டை ஒட்டிவைத்து, உள்ளே உறங்கி, சிறகோடு மேலே வருகிறது.

"குளிர்காலத்துல?" என்று கேட்டேன்.

"அக்டோபர்ல ஒரு தண்டு, ஒரு தூண், எதாவது ஒண்ணுல கெட்டியா ஒட்டிக்கும். அப்புறம் அசையாது. ஏப்ரல்லதான் எழுந்திருக்கும்."

"மேல பனி மூடியிருந்தாலும் உயிரோட இருக்குமா?"

"இருக்கும்."

"மனுஷன்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எப்போ போனார்?" என்றாள். செப்டம்பர் என்றேன். குரலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நீ யாரிடமும் பேசாதே என்றாய். ஆனால் நீ பதிலே போடுவதில்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபெம்மி

*

ராட்டர்டாம்
2 ஜூலை 1947

ஃபெம்மி,

நலம். அவசரமாக எழுதுகிறேன். துணிமணியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடு. இங்கே ஒரு தையல் கடையில் உனக்கு வேலை சொல்லியிருக்கிறேன். மாமியாரை அவர் தங்கை வீட்டில் விடலாம். அந்தப் பெண்ணை நாணல் மெத்தை ஓரத்தில் வலையோ கொக்கியோ போட விடாதே. அங்கே ஆழம் அதிகம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். அவளிடம் இனி எதுவும் பேசவும் வேண்டாம்.

லுபெர்ட்

*

நெடர்வேன்
20 ஜூலை 1947

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். மாமியார் படுத்திருக்கிறார், கஞ்சி மட்டும் குடிக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்?

ஹார்ம் கிடைத்துவிட்டார்.

நீ எழுதியதைச் செல்வி ஃபான் லூனிடம் சொன்னேன். "அங்கதானே கூடு அதிகம்? ஆழம் எனக்குப் பழக்கம்தான்" என்றாள். பதினான்காம் தேதி காலை, மெத்தைக்கு அடியிலிருந்து அல்லிக் கிழங்கை இழுக்கும் நீளக் கொக்கியில் துணி மாட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க வீட்டுக்குள்ள போங்க" என்றாள். நான் போகவில்லை.

முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். எரிமண் தண்ணீர் கைகளை அப்படியே வைத்திருந்தது, தோல் பதனிட்ட மாதிரி. மோதிரத்துக்கு உள்ளே என் பெயர் இருந்தது. உடம்பில் முழங்கால்வரை நீண்ட கனமான கம்பளிக் கோட்டு, கொம்புப் பொத்தான்கள். நம் வீட்டில் அப்படி ஒரு கோட்டு இருந்ததே இல்லை, அண்ணா. அவர் போன அன்று வெயில் அடித்தது.

கோட்டு முழுக்க இலைக் கூடுகள். கையில், காலரில், முதுகில், மீன் செதில் மாதிரி. செல்வி ஃபான் லூன் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பழைய படகு கட்டும் தூணைக் காட்டினாள்.

"தூணப் பாருங்க. பழுப்பா இருக்கறதெல்லாம் போன வருஷத்து இலை. குளிர்காலத்துக்கு ஒட்டிக்கிட்டது. எவ்வளவு இருக்கு?"

"நிறைய."

"கோட்டுல ஒண்ணாவது பழுப்பு இருக்கா? நானும் தேடிட்டேன். அத்தனையும் பச்சை. இந்த வருஷம் ஒட்டினது."

"அதனால என்ன?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன அக்டோபர்ல இந்தக் கோட்டு தண்ணிக்குள்ள இருந்திருந்தா அதுங்க இத விட்டிருக்காது. இவர் செப்டம்பர்ல விழல, ஃபெம்மி."

அவள் தவறாகச் சொல்கிறாள், இல்லையா? புழுவுக்கு என்ன நாள்காட்டியா இருக்கிறது? ஆனால் அந்த ஓரத்தை நீ குறிப்பாகச் சொல்லித் தடுத்தது ஏன்? ஏப்ரலில் தேதியை ஏன் அத்தனை முறை கேட்டாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஃபெம்மி

*

ராட்டர்டாம்
27 ஜூலை 1947

ஃபெம்மிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

தோணியைக் கவிழ்த்தது ஹார்ம்தான். தொப்பியை நாணலில் போட்டதும் அவனே. படையிலிருந்து ஓடினால் வீட்டைச் சோதிப்பார்கள், உன்னையும் அவன் அம்மாவையும் இழுத்தடிப்பார்கள். செத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். யோசனை என்னுடையது. அன்று மாலையே அவனை எங்கள் கப்பலின் சரக்கறையில் ஏற்றி ஆன்ட்வெர்ப்பில் இறக்கினேன். அங்கே ஒரு கிடங்கில் வேலை, ஒரு விதவை வீட்டில் அறை. அந்தக் கோட்டு நான் வாங்கிக் கொடுத்தது.

உனக்குச் சொல்லிவிடலாம் என்று அவன் கெஞ்சினான். நான்தான் மறுத்தேன். "அவளுக்குப் பொய் சொல்ல வராதுடா. காவலர் ஒரு கேள்வி கேட்டா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். கோடை வரைக்கும் பொறு" என்றேன். நவம்பரில் உன் துக்கத்துக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தது அவனுடைய ஆன்ட்வெர்ப் அறையில்; ராட்டர்டாம் என்று மேலே பொய்யாகப் போட்டேன். அவன் என் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அந்தக் கடிதத்தில் அடித்திருந்த வரி அவன் சொல்லி எழுதியது.

ஏப்ரலில் பனி விட்டு ஆன்ட்வெர்ப் போனபோது அறை காலியாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு: "பொறுக்க முடியவில்லை. ஃபெம்மியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்." தேதி மார்ச் 6. அதே வாரம் ராட்டர்டாமில் உன் கடிதம்.

ஊர்ப்பாதையில் வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் பனிமேல் நடந்து பின்பக்கமாக வந்திருப்பான். எனக்கு அன்றே தெரியும். ஆனால் வழியில் மனம் மாறி வேறு கப்பலில் ஏறியிருப்பான் என்று நாள்தோறும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ கதவைத் திறந்திருப்பாய். இதற்குமேல் எழுத வரவில்லை. காவலரிடம் சொல்ல வேண்டுமானால் சொல். நான் எங்கேயும் ஓட மாட்டேன்.

லுபெர்ட்

*

நெடர்வேன்
24 ஆகஸ்ட் 1947

லுபெர்ட்,

உன் கடிதத்தை நாணல் வெட்டும் கொட்டகையில் வைத்துப் படித்தேன். பிறகு மூன்று நாள் பின்கதவு வழியாகப் போகவில்லை. நான்காம் நாள் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது, போனேன்.

காவலர் வந்தார். கோட்டைப் பற்றிக் கேட்டார். வெயில் அடித்த நாளில் எதற்கு இவ்வளவு கனமான கோட்டு என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். "விடியக்காலம் குளிரா இருந்துச்சு. நான்தான் போட்டுக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன்" என்றேன். "ஆமாம்மா, தண்ணிமேல குளிரும்" என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செல்வி ஃபான் லூன் எதையும் கேட்கவில்லை. "நான் புழுவப் பத்தி எழுத வந்தவ. புழுவப் பத்தி மட்டும்தான் எழுதுவேன்" என்றாள். அடக்கத்துக்கு முன் கழற்றிய கோட்டை மட்டும் கேட்டு வாங்கி, கொட்டகையில் ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுவைத்தாள்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் சாயங்காலம் மாமியார் எழுந்து தானாகவே கொட்டகைக்குப் போயிருக்கிறார். தேடிப் போனேன். கூடுகள் திறந்துவிட்டிருந்தன. தொட்டியின் விளிம்பில், சுவரில், கூரைச் சட்டங்களில், எங்கும் அந்துப்பூச்சிகள். வெள்ளைச் சிறகில் பழுப்புக் கோடுகள், சீனத்துத் தட்டின் அடியில் இருக்கும் முத்திரை மாதிரி. கோட்டின் கையிலிருந்து இன்னும் ஒவ்வொன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. ஒன்று மாமியாரின் தலைத்துணியில் உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் தட்டவில்லை.

"இதெல்லாம் அவன் சட்டைக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"இது யாரு கோட்டு, ஃபெம்மி? நான் இதப் பாத்ததே இல்லையே."

மூன்று நாளாக எனக்குள் வைத்திருந்த எல்லாம் தொண்டைவரை வந்தது. அந்த மாலை, அந்தக் கரண்டி, என் கையைப் பிடித்து இழுத்த அவர் கை. சொல்லியிருப்பேன். அவர் முகம் சின்னதாக, பசித்த குழந்தை மாதிரி இருந்தது.

"நான்தாம்மா வாங்கினேன். உங்களுக்குத் தெரியாம. கல்யாண நாளுக்கு."

அவர் குனிந்து, தண்ணீரில் கிடந்த கோட்டின் கையை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். அப்படித்தான் சந்தையில் துணி பார்ப்பார்.

"நல்ல கம்பளி," என்றார். "அவனுக்குக் குளிர்ந்திருக்காது."

கல்லில் செப்டம்பர் பதினாறு என்று வெட்டச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ வர வேண்டும். மாமியார் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் உன்னிடம் ஹார்மைப் பற்றிக் கேட்பார், நிறையக் கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

ஃபெம்மி